முட்டையாய்த் தெரிந்த வட்டம்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையில் இருக்கிறது சுங்கை சிப்புட். அங்கே சாலையை விட்டு உள்ளே திரும்பினால், ஒரு காலத்தில் பால்மரங்களும் இப்போது செம்பனையும் நிற்கும் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறிய கோவில் மண்டபம் வரும். அதன் பக்கவாட்டு அறையில் மாலை நேரங்களில் பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள் டியூஷன் படிக்கிறார்கள். பாடம் சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எனக்கு மூன்றாம் ஆண்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்; ஊரில் பாதிப் பேருக்கு அவரை ‘டீச்சர்’ என்றால்தான் தெரியும். அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு மேசைக்கணினி. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினியை யாரோ வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். அதில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயிருந்ததால், 2023 டிசம்பர் விடுமுறையில் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஓர் ஆண்டும் நான்கு மாதங்களும் கழித்து, சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். “கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாப் போகுது தம்பி. அவசரமில்ல, நேரம் கிடைக்கிறப்ப வந்து ஒரு தடவை பாரு” என்றார். பட்டணத்தில் ஒரு கடைக்காரரிடம் விவரம் சொல்லிக் கேட்டதாகவும், பழைய கணினி அப்படித்தான் இருக்கும், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்று அவர் சொன்னதாகவும் சேர்த்துச் சொன்னார். எப்போதிலிருந்து மெதுவாக ஓடுகிறது என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் என்னை அன்று மாலையே மோட்டாரை எடுக்க வைத்தது. “நீ வச்சிக் கொடுத்த நாள்லேர்ந்தே அப்படித்தான்ப்பா. லினக்ஸ்னா இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

நான் போனபோது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். கணினி ஓடிக்கொண்டிருந்தது, அதன் காற்றாடிச் சத்தம் வாசலிலேயே கேட்டது. திரையில் ஒரு சன்னலைப் பிடித்து இழுத்தால், அது சுட்டியைப் பின்தொடர்ந்து நகராமல், நின்று நின்று, பழைய இடத்தில் தன் நிழலை விட்டுவிட்டு வந்து சேர்ந்தது. பட்டியலைத் திறந்தால் இரண்டு நொடி கழித்து விரிந்தது. விசைப்பலகையில் ‘அம்மா’ என்று தட்டி முடித்த பிறகுதான் முதல் எழுத்து திரையில் தோன்றியது. காணொளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒலி முன்னால் போக, படம் பின்னால் வந்தது.

இவையெல்லாம் நான் எதிர்பார்த்துச் சென்றவைதாம். எதிர்பாராத ஒன்றை அங்கிருந்த சிறுமி ஒருத்தி சொன்னாள். வட்டத்தின் ஆரம் பற்றிய பாடத்துக்காக டீச்சர் திரையில் ஒரு வட்டம் வரைந்து வைத்திருந்தார். “அங்கிள், இந்தக் கம்ப்யூட்டர்ல வட்டம் முட்டை மாதிரிதான் வரும். நாங்க பழகிட்டோம்” என்றாள். நான் அவளிடம் அடிக்கோலை வாங்கித் திரையின் மேல் வைத்து அளந்தேன். அகலம் 12 சென்டிமீட்டர்; உயரம் 9.

நான்குக்கு மூன்று. இந்த விகிதத்தைக் கண்டதும் என் எண்ணம் வேறு திசைக்குத் திரும்பியது. திரை 16-க்கு 9 என்ற அகலத்திரை. கணினி அனுப்பும் படம் 4-க்கு 3 என்ற பழைய விகிதத்தில் இருந்து, திரை அதைத் தன் முழு அகலத்துக்கும் இழுத்துப் பரப்பினால், எல்லா உருவங்களும் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகித் தெரியும். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். 1024-க்கு 768 என்பதைத் தவிர வேறு பெரிய அளவு எதையும் தேர்ந்தெடுக்க அது இடமே தரவில்லை. திரையின் சரியான அளவு 1920-க்கு 1080. அந்த அளவே கணினிக்குத் தெரியவில்லை என்றால், அதற்குத் தன் முன்னால் எந்தத் திரை இருக்கிறது என்பதும் தெரியவில்லை. அதைக் கேட்டறிய வேண்டிய இயக்கி, அதாவது திரை வரையும் வன்பொருளோடு பேசும் டிரைவர் மென்பொருள், வேலையே செய்யவில்லை என்று பொருள். பழைய கணினி மெதுவாக ஓடலாம்; வட்டத்தை முட்டையாகக் காட்டுவதற்கு வயது காரணமாகாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கணினி மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், நம் ஊரில் உடனே மூன்று மருந்துகள் கிடைக்கும்: ரேம் போடு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவு, புதிதாக வாங்கு. இவற்றில் ஏதாவது ஒன்று பல வேளைகளில் பலித்தும்விடுகிறது. அதனால்தான் எதற்காக மெதுவாகிறது என்று கேட்கும் பழக்கமே நம்மிடம் வரவில்லை. லினக்ஸில் எனக்குப் பிடித்த பண்பு, கேட்டால் அது பதில் சொல்லும் என்பது. தான் என்ன செய்கிறது, எதைச் செய்ய முடியவில்லை என்பதையெல்லாம் அது எங்காவது ஒரு வரியில் எழுதி வைத்திருக்கும். அந்த வரிகளைப் படிக்காமல் ஒரு திருகாணியையும் கழற்றக் கூடாது என்பதை நான் நெடுநாளாக ஒரு விரதம் போலக் கடைப்பிடிக்கிறேன்.

கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் டெர்மினலைத் திறந்து முதலில் ‘டாப்’ கட்டளையைக் கொடுத்தேன். இதன் மேல் வரிசையில் பிராசசரின் நேரம் எப்படிச் செலவாகிறது என்பது சிறு சிறு பங்குகளாகப் பிரிந்து தெரியும். அவற்றில் ‘யுஎஸ்’ என்பது நிரல்களின் கணக்கீட்டுக்குப் போகும் பங்கு. ‘டபிள்யூஏ’ என்பது ஹார்ட் டிஸ்க் பதில் தரட்டும் என்று காத்திருக்கும் பங்கு. மெதுவான கணினியைப் பார்க்கப் போகிறவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த இரண்டையும்தான். காத்திருப்பு அதிகமாக இருந்தால் டிஸ்க்கையோ ரேம் பற்றாக்குறையையோ தேட வேண்டும். கணக்கீடு அதிகமாக இருந்தால் யார் கணக்கிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே காத்திருப்பு ஒன்றுமில்லை. பட்டியலின் உச்சியில் ‘சின்னமன்’ என்ற பெயர் நின்றது. அதற்கு நேரே 270 சதவிகிதம். அது 2011-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2400, நான்கு கோர்கள் கொண்டது. ஆகவே மொத்தம் 400 சதவிகிதம். உலாவியும் இல்லை, வேறு நிரலும் இல்லை. சன்னல்களையும் பட்டியல்களையும் வரைந்து காட்டுவதொன்றே தொழிலாகக் கொண்ட மேசைச்சூழல், பிராசசரின் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்து, திரையில் உள்ளதை யார் வரைகிறார்கள் என்று கேட்க வேண்டும். ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ என்ற கட்டளையைப் ‘பி’ என்ற விருப்பக்குறியோடு கொடுத்தால், வரைபவரின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடும். இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று ஏதாவது ஒரு பெயர் வர வேண்டிய அந்த வரியில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தது.

எல்எல்விஎம்பைப் என்பது ஒரு மென்பொருள். மீசா என்ற திறந்தநிலை வரைகலைத் தொகுப்போடு சேர்ந்தே வருவது. கிராபிக்ஸ் கார்டு செய்ய வேண்டிய வேலை முழுவதையும், கார்டு இல்லாத இடத்திலும் அது பேச மறுக்கும் இடத்திலும், பிராசசரைக் கொண்டே செய்து முடிப்பதற்காக எழுதப்பட்டது. அதை நான் குறைசொல்லவில்லை. அது இல்லாவிட்டால் டீச்சரின் திரையில் ஒன்றுமே வந்திருக்காது. ஆனால் அது சுமக்கும் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1024-க்கு 768 என்பது 7,86,432 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 4 பைட். நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 19 கோடி பைட்டுகளை எழுத வேண்டும். 1920-க்கு 1080 என்றால் அதுவே 50 கோடியை நெருங்கும். இது கடைசியாகத் திரைக்குப் போகும் படத்தின் கணக்கு மட்டும். சன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும், நிழல் போடுவதும், ஒளி ஊடுருவுவது போலக் காட்டுவதும் தனி. கிராபிக்ஸ் கார்டு இந்த வேலைக்கென்றே பிறந்தது; சிறு சிறு கணக்கீட்டு அலகுகள் பல ஒரே நேரத்தில் ஒரே வகை வேலையைச் செய்யும். பிராசசரோ எந்த வேலையையும் செய்யத் தெரிந்த நாலே பேர். நாற்பது பேர் வரிசையாக நின்று வெட்டிச் சுமக்கும் செம்பனைக் குலைகளைத் தோட்ட ஆபீஸ் கிராணிமார் நால்வரிடம் ஒப்படைத்தது போன்ற நிலைமை. குலை லாரிக்குப் போய்ச் சேரும். ஆனால் அன்று ஆபீஸ் கணக்கு எழுதப்படாது.

கார்டு இருக்கிறதா என்று பார்த்தேன். ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை, அந்தக் கணினியில் என்விடியா ஜிஃபோர்ஸ் 210 என்ற 2009-ஆம் ஆண்டுக் கார்டு செருகியிருப்பதாகச் சொன்னது. இது எனக்குத் தெரிந்ததே. பழைய அலுவலகத்தில் இரண்டு திரைகளை இணைப்பதற்காகப் போட்டிருப்பார்கள். ஆனால் ‘எந்த இயக்கி பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லும் வரி அந்தப் பதிவின் கீழே இல்லவே இல்லை. கார்டு இருக்கிறது, அதை இயக்க ஆள் இல்லை.

பிறகு, கணினி தொடங்கும்போது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு என்னென்ன கட்டளைகள் தரப்பட்டன என்று காட்டும் ‘சிஎம்டிலைன்’ கோப்பை ‘பிராக்’ அடைவிலிருந்து திறந்தேன். வரியின் கடைசிச் சொல் ‘நோமோட்செட்’.

அந்தச் சொல்லைத் திரையில் பார்த்தவுடனே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அதை அங்கே எழுதியவன் நான்.

2023 டிசம்பரில் நிறுவிய அன்று, நிறுவல் முடிந்து முதல்முறை தொடங்கியபோது திரை சில நிமிடங்களில் உறைந்து நின்றது. மறுபடி தொடங்கினேன், மறுபடி உறைந்தது. நேரமாகிக்கொண்டிருந்தது, மறுநாள் காலை பிள்ளைகள் வருவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்போது, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் ‘க்ரப்’ என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். உறைவது நின்றது. திரை வந்தது. நாளைக்கு வந்து சரியாகப் பார்க்கலாம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த நாளைக்கு வரவே இல்லை.

நோமோட்செட் என்ன செய்கிறது என்பதைச் சொன்னால்தான் என் தவற்றின் அளவு புரியும். முன்பெல்லாம் லினக்ஸில் திரையின் அளவு, புதுப்பிக்கும் வேகம் ஆகியவற்றை அமைக்கும் பொறுப்பு எக்ஸ் என்ற வரைகலைச் சேவையகத்திடம் இருந்தது. 2009 வாக்கில் அந்தப் பொறுப்பு கெர்னலுக்கே மாறத் தொடங்கியது. முதலில் இன்டெல்லுக்கும் பிறகு மற்றவற்றுக்கும். இன்று வரைகலை இயக்கிகள் எல்லாம் இந்த ஏற்பாட்டை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. நோமோட்செட் என்று சொன்னால், கெர்னல் அந்தப் பொறுப்பை ஏற்காது. அப்போது வரைகலை இயக்கிகளும் தொடங்க மறுத்துவிடும். மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸ் விட்டுச்சென்ற எளிய திரையை மட்டும் வைத்துக்கொண்டு கணினி ஒப்பேற்றும். திரையின் சரியான அளவு தெரியாது, கார்டின் வேகம் கிடைக்காது, எல்லாச் சுமையும் பிராசசரின் தலையில் விழும். எங்கே தவறு என்று பார்ப்பதற்குக் கணினியை எப்படியாவது எழுப்பி உட்காரவைக்கும் ஊன்றுகோல் அது. நான் ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு, கால் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

கணினியைத் தொடங்கும்போது ஏதாவது செய்தி வருமா என்று டீச்சரிடம் கேட்டேன். “மூலையில ஒன்னு வரும்ப்பா, இங்கிலீஷ்ல. பிள்ளைங்க மூடிருவாங்க” என்றார். சின்னமன் மேசைச்சூழல், வரைகலை வன்பொருளின் உதவியில்லாமல் ஓட நேர்ந்தால், பிராசசரின் பயன்பாடு வழக்கத்தைவிட மிக அதிகமாக இருக்கக்கூடும் என்று தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பைக் காட்டும். ஆக, 16 மாதங்களாக அந்தக் கணினி ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள் அல்லர்.

இனி அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். ஆனால் முன்பு உறைந்ததற்கான காரணம் அப்படியேதான் இருக்கும் என்பதால், கோப்பைத் தொடவில்லை. கணினியைத் தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் க்ரப் பட்டியல் வரும்; அதில் ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் வேண்டிய மாற்றத்தைச் செய்து எஃப்10 அழுத்தினால், அந்த ஒரு முறைக்கு மட்டும் அந்த மாற்றத்தோடு தொடங்கும். பலிக்காவிட்டால் மறுமுறை பழையபடியே எழும். சோதனைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது.

நோமோட்செட் இல்லாமல் தொடங்கியது. திரை ஒரு கணம் இருண்டு, 1920-க்கு 1080 அளவில் தெளிவாக விரிந்தது. சன்னல்கள் சுட்டியோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தன. பிள்ளைகள் வியந்து கூவினார்கள். ஏழாவது நிமிடத்தில் திரை உறைந்தது.

இதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆல்ட், சிஸ்ஆர்க்யூ ஆகிய இரு விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்ற எழுத்துகளை நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினேன். முதலாவது, எழுதப்படாமல் நிற்கும் தரவுகளை டிஸ்க்கில் எழுதச் சொல்லும், இரண்டாவது, டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றும், மூன்றாவது, மறுதொடக்கம். கணினி கீழ்ப்படிந்தது. இதிலிருந்தே திரைதான் உறைந்தது, கெர்னல் உயிரோடு இருந்தது என்பது தெரிந்துவிட்டது. மின்விசையைப் பிடுங்கி நிறுத்துபவர்களுக்கு இந்தத் தடயம் கிடைக்காது. டிஸ்க்குக்கும் அது நல்லதல்ல. மறுபடி எழுந்ததும், முந்தைய தொடக்கத்தின் கெர்னல் குறிப்புகளை ‘ஜர்னல்சிடிஎல்’ கொண்டு படித்தேன். கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே பெயர்தான் பிழைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது: நூவோ.

நூவோ என்றால் பிரெஞ்சு மொழியில் ‘புதிய’ என்று பொருள். என்விடியா தன் கார்டுகளின் உள்ளமைப்பு விவரங்களை வெளியிடாத காலத்தில், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே தன்னார்வலர்கள் எழுதிய திறந்தநிலை இயக்கி அது. 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 கெர்னலோடு அது லினக்ஸின் அங்கமானது. அந்த நிறுவனத்தோடு லினக்ஸ் உலகத்துக்கு இருந்த கசப்பு, 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே கோபத்தைக் காட்டிய நிகழ்ச்சியால் பலருக்கும் தெரியும். 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதிகளைத் திறந்தநிலையில் வெளியிட்டது என்றாலும், அது டூரிங் என்ற புதிய கார்டுத் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் உரியது. ஜிஃபோர்ஸ் 210-க்கு அதனால் பயனில்லை. அதற்கான என்விடியாவின் சொந்த இயக்கி 340 என்ற வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசைக்கான ஆதரவு 2019 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆகவே இந்தக் கார்டுக்கு இன்றைய லினக்ஸில் நம்பத்தக்க துணை நூவோ ஒன்றுதான். எந்த ஆவணமும் இல்லாமல், பிறர் கைவிட்ட கார்டுகளை இத்தனை ஆண்டுகள் ஓடவைத்தவர்களை நான் மதிக்கிறேன். நான் பார்த்த ஜிஃபோர்ஸ் 210 கார்டுகள் பலவும் நூவோவோடு ஒழுங்காக ஓடுபவைதாம். அதனால் பழியை இயக்கியின் மேல் போடுவதற்கு முன் கார்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டபின் மூடியைத் திறந்தேன். கண்ணாடிப் பட்டைச் சன்னல் கொண்ட, சாலையோரத்து மண்டப அறையில் ஆண்டுக்கணக்கில் இருந்த கணினிக்குள் என்ன இருக்குமோ அது இருந்தது: செம்மண் தூசி, சிலந்திக் கூடு, பல்லி முட்டையின் ஓடு. கார்டின் மேலிருந்த சிறிய காற்றாடியை விரலால் சுற்றினேன், அது சுற்றவில்லை. தூசியும் இறுகிய எண்ணெயும் சேர்ந்து அதைப் பிடித்து நிறுத்தியிருந்தன. கார்டில் இருந்த மின்தேக்கிகளில் இரண்டின் தலை உப்பியிருந்தது. அது 2023-லேயே அப்படி இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு மூடியைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்திருப்பேன்.

இதற்குப் பிறகு செய்தது எளிது. அந்தக் கார்டு அந்தக் கணினிக்குத் தேவையே இல்லை. ஐ5-2400 பிராசசரின் உள்ளேயே எச்டி கிராபிக்ஸ் 2000 என்ற இன்டெல்லின் வரைகலைப் பகுதி இருக்கிறது. ஆறு கணக்கீட்டு அலகுகள் கொண்ட சிறியதுதான், விளையாட்டுகளுக்கு உதவாது. ஆனால் சன்னல்களை வரைவதற்கும், பாடப் படங்களைக் காட்டுவதற்கும் தாராளம். இன்டெல்லின் இயக்கி கெர்னலிலேயே இருப்பதால் தனியாக நிறுவ ஒன்றுமில்லை. கார்டைக் கழற்றினேன். திரையின் கம்பியை மதர்போர்டின் விஜிஏ துளையில் செருகினேன். க்ரப் கோப்பில் நோமோட்செட்டை நிரந்தரமாக அழித்து, ‘அப்டேட்-க்ரப்’ கட்டளையைக் கொடுத்தேன். இதை மறந்தால் அழித்தது கோப்போடு நின்றுவிடும், தொடக்கத்தில் பழைய சொல்லே வரும்.

தொடங்கியதும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவைக் கேட்டேன். வரைபவர் பெயர் இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 2000 என்று வந்தது. சின்னமனின் பங்கு 270-இலிருந்து 5-க்குக் கீழே இறங்கியது. காற்றாடிச் சத்தம் அடங்கி, மண்டபத்தில் யாரோ குத்துவிளக்கைத் துலக்கும் சத்தம் கேட்டது. முதலில் சொன்ன அந்தச் சிறுமி யாரும் சொல்லாமலேயே ஒரு வட்டத்தை வரைந்து, அடிக்கோலைத் திரையில் வைத்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தாள். “ரெண்டும் ஒன்னுதான் டீச்சர்” என்றாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பதினாறு மாதங்களாக முட்டையைக் காட்டி, இதை வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று பாடம் நடத்தியவர் அவர். நான் தலைகுனிந்து, தவறு என்னுடையது, அன்றைக்கு அவசரத்தில் செய்ததைத் திரும்ப வந்து பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். “சரி, இப்ப கண்டுபிடிச்சிட்டல்ல” என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் இன்னொரு முறை போனேன், ஒரு குறை மிச்சம் இருந்ததால். உலாவியில் ஆறேழு பக்கங்களைத் திறந்தால் எல்லாம் மறுபடி மெதுவாகியது. ஆனால் இது வேறு நோய். இப்போது ‘டாப்’ பட்டியலில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் பங்கு ஏறியிருந்தது. ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையில் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ என்ற இரண்டு நெடுவரிசைகளும் பூஜ்யத்தைவிட்டு எழுந்து நின்றன. ரேமில் இடமில்லாமல் டிஸ்க்குக்குத் தள்ளுவதையும், தள்ளியதைத் திரும்பக் கொண்டுவருவதையும் காட்டும் நெடுவரிசைகள் அவை. இருந்தது 4 ஜிபி. இன்டெல் வரைகலைக்குத் தனி நினைவகம் கிடையாது என்பதால் அதற்கும் இதிலிருந்தே பங்கு போக வேண்டும். ஈப்போவில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம் கிடைத்தது. இதைத் துணைக்குப் போடும்போது இடம் இரட்டிப்பாவதோடு இன்னொரு நன்மையும் உண்டு. 1333 வகை ரேம் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 10.6 ஜிபி தரவைக் கொண்டுசெல்லும். இரண்டை அவற்றுக்குரிய துளைகளில் போட்டால் இரண்டு தடங்களிலும் சேர்த்து அது 21 ஜிபியைத் தாண்டும். தனி நினைவகம் இல்லாத வரைகலைக்கு இது வெளிப்படையாகவே தெரியும் வித்தியாசம். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றையும் போட்டேன். பிராசசரின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இட்டேன். இந்த ஊர் வெயிலில் அதைச் செய்யாமல் விடக் கூடாது.

காணொளிக்கு மட்டும் ஒரு சிறு ஏற்பாடு தேவைப்பட்டது. இந்தத் தலைமுறை இன்டெல் வரைகலை எச்.264 வகைக் காணொளியைத் தானே விரித்துக்காட்டும். இணையத்தில் இப்போது பரவலாக வரும் விபி9, ஏவி1 வகைகள் அதற்குத் தெரியாது. அவை வந்தால் வேலை மறுபடி பிராசசரிடம் போய்விடும். உலாவியில் எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் ஒரு நீட்சியைப் போட்டு, தெளிவை 720-இல் நிறுத்திவைத்தேன். பாடக் காணொளிகளுக்கு அது போதும்.

இந்த இரண்டாம் சுற்றில் செய்த எதையும் முதல் நாளே செய்திருக்கலாமே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். செய்திருந்தால், ரேமும் எஸ்எஸ்டியும் போட்ட பிறகும் எல்எல்விஎம்பைப்தான் வரைந்துகொண்டிருக்கும். கணினி கொஞ்சம் தேறியது போலத் தோன்றும். வட்டம் முட்டையாகவே இருக்கும். பணம் போட்டும் இவ்வளவுதான் என்று எல்லாரும் அமைதியாகிவிடுவோம். இரண்டு நோய்களுக்கும் மெதுவாக ஓடுவது என்ற ஒரே அறிகுறிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய பின் மறுபடி அளந்து பார்த்தால்தான் எது எதற்கு மருந்து என்று தெரியும்.

கணினிப் பெட்டியின் மேல் இப்போது ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் 2023 டிசம்பரில் நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன், எதை முடிக்காமல் விட்டேன் என்பதை எழுதினேன். அடுத்த பக்கத்தில் கழற்றிய கார்டு, அழித்த சொல், சேர்த்த ரேம், நாள் எல்லாம் இருக்கின்றன. எனக்குப் பிறகு இந்தப் பெட்டியைத் திறப்பவர் யாராக இருந்தாலும், ஒரு சொல் ஏன் அந்தக் கோப்பில் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிராது. டீச்சர் அதை வாங்கி முழுவதும் படித்தார். எச்.264 என்பதற்கு மட்டும் என்னிடம் விளக்கம் கேட்டு, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, ‘பிராசசர்’ என்பதில் நான் விட்டிருந்த ஒரு புள்ளியை வைத்துவிட்டு, பக்கத்தின் அடியில் தேதியைப் போட்டு, கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார்.